நல்ல தெருவில் ஓதமடித்த வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டபோது தையல்காரி மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர்களில் எழுந்து நிற்கும் அளவுக்கு யோக்கியமான முகம் ஒன்றுகூட இதுவரை வரவில்லை என்பது அவள் கட்சி. ஏழு வருடமாக இந்த இரண்டாம் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். கீழே மூன்று தெருவும் அவள் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறது. மகளின் பள்ளிக்கூடம் தெருமுனையில். எங்கோ இருக்கிற வீட்டுக்காரருக்குத் திடீரென்று விற்க வேண்டும்போல் தோன்றிவிட்டது. விற்றால் இவள் வெளியே. வேறு பேட்டைக்குப் போய்ப் புது ஊசியில் புது வாடிக்கையைக் கோர்க்க நாற்பத்தாறு வயதில் அவளுக்குத் தெம்பில்லை.

அதனால் சண்டைக்குத் துணிந்துவிட்டாள். ஆயுதம், அலமாரிக்குப் பின்னால் இருந்தது. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து இறங்கி, தரைவரைக்கும் பச்சை படிந்து கிடந்த ஓதம்.

முதல் வாரம் ஒரு தம்பதி. அந்த அம்மாள் இவளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "இதைக் காலி பண்ண எத்தனை நாளாகும்?" என்று புரோக்கரிடம் கேட்டாள். இதை! மெஷினையா, தன்னையா என்று தையல்காரிக்கு ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது. அடுத்த வாரம் வந்தவன் வீடு வாங்கிப் பணம் பண்ணுவது எப்படி என்று ரெண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தவன். சமையலறைக் குழாயைத் திறக்கத் தெரியவில்லை, வருமானம் எத்தனை சதவீதம் என்று மட்டும் வாய் ஓயாமல் சொன்னான். மூன்றாவதாக வந்தது ஒரு மாமனார், மருமகன். இருவரும் வீட்டைப் பார்க்கவே இல்லை. யார் பெயரில் எழுதுவது என்று மாடிப்படியிலிருந்தே முறைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். புரோக்கர் போன் பேச பால்கனிக்குப் போனதும், மூன்று கூட்டத்துக்கும் அலமாரியைத் தள்ளி அவள் சுவரைக் காட்டினாள். மூன்றும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கின.

"அம்மா, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு," என்றாள் மகள்.

"சும்மா இருந்தா நடுத்தெருதான். உனக்கென்னடி தெரியும்?"

புரோக்கர் போனில் சொல்லும் விலை அறுபதிலிருந்து ஐம்பத்தைந்து லட்சமாகி, போன வாரம் ஐம்பதுக்கு வந்திருந்தது. விலை இறங்க இறங்க வாங்க நாதியில்லை என்று அவள் கணக்குப் போட்டாள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு சட்டைக்குக் கூலிகூடக் குறைத்து வாங்கினாள்.

இன்றைக்கு வந்தவன் தனி ஆள். காலர் தேய்ந்து நூல் தொங்கியது, பித்தான் ஒன்று வேறு நிறத்தில். இந்த மூஞ்சிக்கு வீடு ஒரு கேடா என்று நினைத்தாள். புரோக்கர் பால்கனிக்கு நகர்ந்ததும் அலமாரியைத் தள்ளினாள்.

"நல்லா பாத்துக்குங்க. அப்புறம் சொல்லலைன்னு சொல்லக்கூடாது."

அவன் மூக்கைப் பொத்தவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டான்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"நாலு. என்ன பூசினாலும் நிக்காது."

"வந்தவங்க எல்லாருக்கும் காட்டினீங்களா?"

"பின்னே? பொய் சொல்லி வாழுற குடும்பம் இல்ல இது."

புரோக்கர் ஓடிவந்தான். "ஐயோ அக்கா, மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா! சார், இவங்க பேச்சைக் கேக்காதீங்க…"

"திட்டாதய்யா. உன்னைவிட இவங்கதான் ஒழுங்கா வேலை செஞ்சிருக்காங்க," என்றான் வந்தவன். "நாப்பத்திநாலு. நாளைக்கே அட்வான்ஸ். ஓனர்கிட்டக் கேளு."

புரோக்கர் மறுபடி பால்கனிக்குப் போனான். இந்தமுறை ஓனரிடம் பேச. "ஆமா சார்… இல்ல சார், வேற யாரும் வரமாட்டாங்க சார்… சரி சார்," என்பது உள்ளே கேட்டது.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றாள் தையல்காரி. "அழுகின சுவரை வாங்குறீங்க?"

"சுவரை யார் வாங்கினா? தெருவை வாங்குறேம்மா. மோசமான தெருவுல மாளிகை இருந்தாலும் தொடமாட்டேன், தெருவை என்னால மாத்த முடியாது. மேல ஒரு குழாய், ரெண்டு ஆள், மூணு நாள் வேலை. அதைப் பாத்துப் பயந்து ஓடினவங்க வீட்டுல உக்காந்து வட்டி சாப்பிடட்டும்."

அறுபதை நாற்பத்திநாலாக்கியது யார் என்று அவளுக்கு மெதுவாக உறைத்தது.

"அப்ப நாங்க?"

"ரெண்டு மாசம் டைம் தர்றேன். இதே ஏரியாவுல பாருங்க. வாடகை கொஞ்சம் ஏறியிருக்கும்." கரிசனமாகத்தான் சொன்னான். அந்தக் கரிசனத்தை அவன் மூஞ்சியிலேயே விட்டெறியலாம்போல் இருந்தது.

புரோக்கர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு வந்தான். வந்தவன் பையிலிருந்து ஒரு நீளத் துணி டேப்பை எடுத்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, நுனியை அவளிடம் நீட்டினான்.

"கொஞ்சம் பிடிங்கம்மா. அந்த மூலையில."

எதற்கு வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டைவிரலால் நுனியைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அவன் டேப்பை அவிழ்த்தபடி பின்னோக்கி நடந்து, மெஷினைத் தாண்டி, வாசலில் நின்ற மகளைத் தாண்டி, சமையலறை வரைக்கும் போனான். டேப் நடுவில் வளைந்து தொங்கியது.

"பதினெட்டே முக்கால் அடி," என்றான் அங்கிருந்து.

"தொய்வா இருக்கு," என்றாள் தையல்காரி. "இழுத்துப் பிடிங்க."