வானொலி வாயை மூடிய நேரம்

தன்னம்பிக்கைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று கேட்டால், அந்தப் பெண்ணுக்கு அளவெல்லாம் தெரியாது. கல்லூரியிலிருந்து வானொலி நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்த முதல் நாளே, "என்னை எப்போ மைக் முன்னாடி உட்கார வைப்பீங்க?" என்று கேட்டவள் அவள். கேட்டது யாரிடம்? காலை நிகழ்ச்சியை நடத்தும் அறிவிப்பாளரிடம். அந்த அம்மாளின் குரலைக் கேட்டுக்கொண்டுதான் பாதி ஊர் பல் தேய்க்கிறது. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, இவளை மேலும் கீழும் பார்த்தார்.

"காலேஜ், முதல்ல அந்த ஹெட்போனை எடுத்து மாட்டு. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து நிலையத்தில் அவள் பெயர் காலேஜ்.

காலேஜுக்குக் கொடுத்த வேலை, பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் ஏற்றுவதற்காகச் சுத்தம் செய்வது. அதாவது விருந்தினர் இருமுவது, செருமுவது, நாற்காலி முனகுவது எல்லாவற்றையும் வெட்டி எறிய வேண்டும். கணினித் திரையில் குரல் பச்சைக் கோடாக ஓடும். பேசினால் மேடும் பள்ளமுமாக எகிறும், பேசாவிட்டால் தட்டையாகக் கிடக்கும். தட்டையைக் கண்டால் வெட்டு, இதுதான் உத்தரவு. வேறு யாராவது என்றால் இரண்டாம் நாளே கொட்டாவி விட்டிருப்பார்கள். இவளோ வெட்டுகிற ஒவ்வொரு துண்டையும் காது கொடுத்துக் கேட்டாள். பெரிய மனிதர்கள் எங்கெங்கே எச்சில் விழுங்குகிறார்கள் என்பது ஒரே வாரத்தில் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

நிலையத்தில் இத்தனை துள்ளல் என்றால், வீட்டுக்குப் போனதும் எல்லாம் வடிந்துவிடும். குடியிருப்பு வாரியம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி, அதில் ஆறாவது மாடியில் அக்கா வீடு. காலேஜ் அங்கே தங்கித்தான் படித்தாள். லிஃப்ட் படுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அக்காவுக்கோ நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, மாடிப்படி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அத்தானும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நாலாவது மாடித் திருப்பத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கிவிட்டது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் அக்கா போட்ட கூச்சலில் எல்லாக் கதவும் திறந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாற்காலி என்று சொன்னாலே அவள் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

"வலி வந்தா என்னடி பண்றது? அந்த நாற்காலில நான் ஏற மாட்டேன். சத்தியமா ஏற மாட்டேன்."

"வலி வர்றதுக்குள்ள லிஃப்ட் வந்துடும்க்கா. நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே தெரியாது. அத்தான் வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். போகும்போதெல்லாம் ஒரே பதில்: விரைவில்.

அப்படியிருக்க, வியாழக்கிழமை காலை நிகழ்ச்சிக்கு அந்த வாரிய அதிகாரியே விருந்தினராக வருகிறார் என்று தெரிந்தது. அவர் இதற்கு முன் வந்து பேசிய பதிவுகளைச் சுத்தம் செய்யும் வேலையும் காலேஜ் தலையிலேயே விழுந்தது. அடடா, ஆளைப் பேச விட்டுக் கேட்க வேண்டும்! வெண்ணெய் தடவிய பேச்சு. தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதா? விரைவில். படிக்கட்டில் விளக்கு இல்லையா? விரைவில்.

காலேஜ் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு விசித்திரம் தெரிந்தது. "எப்போ சார் சரி பண்ணுவீங்க?" என்று அறிவிப்பாளர் கேட்கிறார். பிறகு கோடு தட்டை. அந்தத் தட்டை முடிந்ததும் எகிறுவது அதிகாரியின் குரல் இல்லை, மறுபடியும் அறிவிப்பாளரின் குரல்! "அதாவது வேலை நடந்துக்கிட்டிருக்கு, சீக்கிரமே முடிஞ்சிடும், அப்படித்தானே சார்?" உடனே அதிகாரி, "அதே, அதே!" என்கிறார். எல்லாப் பதிவிலும் இதே கூத்துதான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நேரே அறிவிப்பாளர் முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் ஒலிப்பதிவாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த அதிகாரி உங்களுக்குப் பதிலே சொன்னதில்ல. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் அவருக்குப் பதிலைச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க."

ஒலிப்பதிவாளருக்குப் புரையேறியது. அறிவிப்பாளர் முகம் சிவந்தது.

"ரேடியோல அமைதின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? கேக்கறவங்க வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க. பேசாம இருந்தா நமக்குச் சாவு."

"போக மாட்டாங்க மேடம். லிஃப்ட் ஓடாத வீட்டுல இருக்கறவங்க ஒருத்தர்கூடப் போக மாட்டாங்க."

"நீ எந்த மாடி?" என்றார் அறிவிப்பாளர் சட்டென்று. அனுபவசாலி இல்லையா!

மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆறாவது மாடியை, அக்காவை, நாற்காலியை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். அறிவிப்பாளர் பதிவைப் போடச் சொல்லிக் கேட்டார். தன் குரலைத் தானே கேட்கக் கேட்க அவருடைய கோபம் இடம் மாறிக்கொண்டே போனது. முதலில் இவள்மேல் இருந்தது, பிறகு அதிகாரிமேல் போனது, கடைசியில் தன்மேலேயே வந்து நின்றது.

"சே! நானா இவ்வளவு நாளா இப்படி ஊட்டி விட்டிருக்கேன்?" என்றார். பதிவை நிறுத்திவிட்டு, "சரி, கேட்டுக்கோ. உன் வீட்டுக் கதையை நான் பேச மாட்டேன். உங்க கட்டடத்துலேர்ந்து மத்தவங்க அனுப்பின புகார் நிறைய இருக்கு, அதை வெச்சுத்தான் கேப்பேன். நீ ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கணும். வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்க மாட்டேன் மேடம். நீங்களும் திறக்காதீங்க."

ஒலிப்பதிவாளர் சிரித்தே விட்டார். ஆனால் முட்டுக்கட்டை போட்டதும் அவர்தான்.

"ரெண்டு பேரும் வீரம் பேசறீங்க, சரி. சத்தம் எட்டு விநாடி நின்னா ஏதோ கோளாறுன்னு நினைச்சு மெஷின் தானா பாட்டைப் போட்டுடும். தெரியும்ல?"

"ஆஃப் பண்ண முடியாதாண்ணா?"

"பண்ணலாம். அப்புறம் மேனேஜர் என்னை ஆஃப் பண்ணிடுவார்."

காலேஜ் யோசித்தாள். "மெஷினுக்கு வேண்டியது சத்தம்தானே? பேச்சா இருந்தாத்தான் ஆச்சுன்னு இல்லையே?" என்று கேட்டவள், டீ போடும் அறைக்கு ஓடினாள். அலமாரிமேல் கிடந்த பழைய அலாரம் கடிகாரத்தை எடுத்து வந்து, உபரியாக இருந்த மைக்கை ஒட்டி வைத்தாள். டிக், டிக் என்று ஸ்பீக்கரில் கணீரென்று விழுந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எட்டு விநாடி தாண்டியும் மெஷின் சாதுவாக இருந்தது. "பயங்கரமான பொண்ணுதான்" என்று ஒலிப்பதிவாளர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கமகமவென்று வாசனை, எல்லோருக்கும் ஒரு வணக்கம். கடிகாரத்தைப் பார்த்து, "அழகா இருக்கே" என்று பாராட்டுக்கூடச் சொன்னார்.

நேரடி ஒலிபரப்பு தொடங்கியது. மழைநீர், குப்பை, பூங்கா என்று பேச்சு வழவழவென்று போனது. அறிவிப்பாளர் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"கிழக்குப் பக்கக் கட்டடத்துல ரெண்டு மாசமா லிஃப்ட் ஓடல. அதுக்கு உதிரிபாகம் வரணும்னு சொன்னீங்க. அதை எந்தத் தேதியில ஆர்டர் பண்ணீங்க சார்?"

"நல்ல கேள்வி மேடம். மக்கள் நலன்தான் எங்களுக்கு முக்கியம். எல்லா வேலையும் முறைப்படி…"

"தேதி சார்."

அதிகாரி சிரித்தார். வழக்கம்போல அறிவிப்பாளர் கைகொடுப்பார் என்று அவர் முகத்தையே பார்த்தார். டிக், டிக், டிக். அறிவிப்பாளரின் உதடு பழக்கதோஷத்தில் பிரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காலேஜ் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக் காட்டினாள். அந்த அம்மாள் கையிலிருந்த பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

ஐயோ, இந்த அதிகாரி வாயைத் திறக்காமலே எழுந்து போய்விட்டால்? இனி நிகழ்ச்சிப் பக்கமே தலைவைத்துப் படுக்காவிட்டால்? ஆறாவது மாடியில் அக்கா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே! பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, தான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

அதிகாரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது அது அழகாக இருந்திருக்காது.

"ஆர்டர்… இன்னும் போடல."

"ஏன் சார்?"

மறுபடியும் டிக், டிக்.

"என் கையெழுத்துதான் பாக்கி. வேற வேலைல விட்டுப்போச்சு."

இதற்கா? ஒரு கையெழுத்துக்கா என் அக்காவை நாற்காலியில் கவிழ்க்கப் பார்த்தார்கள்? காலேஜுக்குக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே குதிக்கலாம் போலிருந்தது. குதிக்கவில்லை, கொடுத்த வாக்கு இருக்கிறதே. உள்ளே அறிவிப்பாளருக்கோ ருசி கண்டுவிட்டது.

"எப்போ போடுவீங்க?"

"இன்னிக்கே மேடம்."

"எத்தனை மணிக்கு சார்?"

டெலிபோன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறத் தொடங்கின. ஒருவர்கூட வேறு ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மேனேஜர் வேகவேகமாக வந்தார், கடிகாரத்தை முறைத்தார், ஒலிப்பதிவாளரை முறைத்தார், டெலிபோன்கள் அடிப்பதைக் கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

கையெழுத்து அன்று பகலிலேயே விழுந்தது. பாகம் வந்தது, ஆட்கள் வந்தார்கள், கம்பியும் கிரீஸுமாகக் கட்டடமே நாறியது. அவர்கள் வேலையை முடித்துக் கிளம்பிய இரண்டாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு, "ஏய், ஆரம்பிச்சிடுச்சுடி" என்றாள்.

அத்தான் பையை எடுப்பதா பூட்டைத் தேடுவதா என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். காலேஜ்தான் பையைத் தோளில் மாட்டி, அக்காவின் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்து லிஃப்டுக்குள் கூட்டிப்போனாள். கதவு மூடியது. ஐந்து, நாலு, மூன்று என்று எண்கள் மாறின. அக்கா கம்பியைப் பிடித்தபடி புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டாள். கதவு திறந்ததும், தெரு வெயிலும் வண்டிச் சத்தமும் முகத்தில் அடிக்க, அவள் தன் சொந்தக் காலில் நடந்து வெளியே வந்தாள்.

அதைப் பார்த்ததும் காலேஜ் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. வாசல் என்றும் பாராமல், அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், ஓவென்று அழுதாள்.

அக்கா வலியோடு வலியாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அடிப்பாவி, பிள்ளை பெறப் போறது நான்டி. நீ ஏன் அழற? போய் வண்டிக் கதவைத் திற!"