கழுத்து இறுகின ஸ்வெட்டர்

நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்னாதான் எனக்கு வேலை. ஓடிக்கிட்டிருந்தா மோட்டார் ரூம்ல சும்மா உட்கார்ந்திருக்கணும். சும்மா உட்கார்ந்தா எனக்கு யார் மேலயாவது கோபம் வரும். அதனாலதான் பின்ன ஆரம்பிச்சேன். ஆம்பளை ஸ்வெட்டர் பின்னுறான்னு ஆபீஸ்ல வாய்க்கு வந்ததைப் பேசினாங்க. பேசினவங்க கால்லயெல்லாம் இப்ப நான் பின்னின சாக்ஸ்தான். குளிர் வந்தா எல்லாரும் வழிக்கு வருவாங்க.

வீட்டுலயும் யாரையும் விட்டு வைக்கல. மருந்துக் கடையில நாள் பூரா நிக்கிற என் மனைவிக்கு முழங்கால் வரைக்கும் சாக்ஸ். மச்சானுக்குக் கை வைக்காத ஸ்வெட்டர். அவன் தொப்பையைச் சுத்தி வர்றதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துபோச்சு. வாட்ச்மேனுக்குக் கூட ஒரு குல்லா. மகளுக்கு மட்டும் ஒண்ணும் பின்னல.

மகள்னா, என் மனைவியோட முதல் கல்யாணத்துல பிறந்தவ. பெத்த அப்பா இவ பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். வீட்டுல எல்லாருக்கும் அவ ‘வாலு’. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி என்னை ‘அங்கிள், அங்கிள்’னு வாய் ஓயாம கூப்பிடுவா. கல்யாணம் முடிஞ்சதும் அதுவும் நின்னுபோச்சு. அங்கிள்னா அவ அம்மா மூஞ்சி சுருங்குது. அப்பான்னு சொல்ல இவளுக்கு வாய் வரல. அதனால எதுவுமே கிடையாது. நான் எதிர்லயே உட்கார்ந்திருப்பேன், “அம்மா, சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு”ம்பா. அம்மா இல்லேன்னா தட்டை டங்குன்னு வைப்பா, இல்ல இருமுவா. “இருமல் மருந்து வாங்கித் தரட்டுமாடி?”ன்னு ஒரு தடவை கேட்டே விட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டா.

எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவ என்னை ஏதாவது சொல்லிக் கூப்பிடணும், அவ்வளவுதான். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. இந்த வயசுல இதுக்கு ஏங்குறேன்னு தெரிஞ்சா மானம் போயிடும்.

அப்புறம் அவளுக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைச்சுது. குளிர் அதிகமுள்ள ஊரு, ஹாஸ்டல் வாசம், இனிமே லீவுக்குத்தான் வீடு. அதுக்கு மேல என்னால சும்மா இருக்க முடியல. கொடியில காஞ்ச அவ சட்டையை எடுத்து அளந்து, பச்சை நூல்ல ஸ்வெட்டர் ஆரம்பிச்சேன். முதுகு, முன்பக்கம், கை எல்லாம் அழகா வந்துச்சு. கழுத்து மட்டும் பாக்கி. கிளம்புறதுக்கு முந்தின சாயங்காலம் அதை முடிக்க உட்கார்ந்தப்பதான் அடுப்படியில அவ பேசுறது காதுல விழுந்துச்சு: “பஸ் ஸ்டாண்டுக்கு நீ மட்டும் வந்தா போதும்மா.”

எனக்கு ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. ஊசியில மாட்டியிருக்கிற நூல் வளையத்தை, அதான் கண்ணியை, ஒண்ணொண்ணா மூடினாதான் கழுத்து முடியும். அதைத் தளர்வா மூடணும், அப்பதான் தலை நுழையும். கோபம் வந்தா என் கை இறுகும். அன்னிக்கு ஒவ்வொரு கண்ணியையும் கழுத்தை நெரிக்கிற மாதிரி நெரிச்சேன்.

காலையில மருந்துக் கடையில ஆள் வரலைன்னு மனைவிக்கு அவசரமா அழைப்பு. மகளைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டு ஓடினா. வீட்டுல நானும் வாலும்தான். ஸ்வெட்டரை அவ கட்டில் மேல வச்சுட்டு வந்துட்டேன். கொஞ்ச நேரத்துல அவ ரூம் கதவை டொக் டொக்குன்னு தட்டுற சத்தம். போய்ப் பார்த்தா தலை உள்ள மாட்டிக்கிட்டு, ரெண்டு கையும் மேல தூக்கி நிக்கிறா. அந்த நிலைமையிலயும் கூப்பிடல, காலால கதவை உதைக்கிறா!

“வாயைத் திறந்து கூப்பிட்டா முத்து உதிர்ந்துடுமா?”ன்னு கத்திக்கிட்டே இழுத்தேன். முடியோட சேர்ந்து வந்துச்சு. அவ கண்ணுல தண்ணி. எனக்கே சீன்னு ஆயிடுச்சு. “குடு, பஸ் வர்றதுக்குள்ள சரி பண்ணிடறேன்”ன்னேன்.

ஆட்டோவுலயே கழுத்தைப் பிரிச்சேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உட்கார்ந்து, பெரிய ஊசியால கண்ணிகளை மறுபடி எடுத்து மூட ஆரம்பிச்சேன். பஸ் ஏற்கெனவே வந்து நிக்குது. வாலு பக்கத்துல உட்கார்ந்து நூல் சிக்காம விட்டுக் குடுத்தா.

“எல்லாருக்கும் நல்லாத்தானே பின்னுவீங்க? எனக்கு மட்டும் ஏன் இப்படி?”

“கோபத்துல கை இறுகிடுச்சு.”

“யார் மேல கோபம்?”

சொல்லாம விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தாத்தானே! “உன் மேலதான். ரோட்டுல போறவனைக் கூட ‘அண்ணே’ங்கற. என்னை ஒண்ணும் கூப்பிட மாட்டேங்குற. எனக்கு வலிக்குதுடி.”

அவ நூலையே பார்த்துக்கிட்டிருந்தா. “பழக்கமே இல்லையே, எப்படி வரும்?”ன்னு மெதுவா கேட்டா. கடைசிக் கண்ணியை மூடி, நூலைப் பல்லால கடிச்சு அறுத்தேன். தோள் பையைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டு ஸ்வெட்டரைப் போட்டா. தலை சுலபமா நுழைஞ்சுது. கண்டக்டர் விசில் ஊத, பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி ஏறிட்டா.

அழுதுடுவேனோன்னு பயம். திரும்பிப் பார்க்காம விறுவிறுன்னு நடந்தேன். பின்னாடி யாரோ ஒரு பொண்ணு, “அப்பா!”ன்னு கத்துச்சு. எனக்கு முன்னால போன ரெண்டு மூணு பேர் திரும்பிப் பார்த்தாங்க. குடுத்து வச்சவங்கன்னு நினைச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு நடந்தேன். மறுபடியும், “அப்பா! அப்பா!” கூப்பிடுறது காதுல விழாத மாதிரி எந்த அப்பன் போறான்னு எரிச்சலா வந்துச்சு.

தண்ணி பாட்டில் விக்கிறவர் என் கையைப் பிடிச்சு நிறுத்தினார். “யோவ், காது கேக்காதா? அந்தப் பொண்ணு தொண்டை கிழியக் கத்துதே!”

“என்னையா?”

“பொம்பளைப் பிள்ளை பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போறது நீங்க ஒருத்தர்தான்!”

திரும்பினேன். நகர்ற பஸ் ஜன்னல்ல பச்சை ஸ்வெட்டரோட பாதி உடம்பு வெளியில தொங்குது. ஓடினேன். பையை அவ கையில திணிச்சேன்.

“எத்தனை தடவை கத்துறதுப்பா! டிக்கெட் இதுலதானே இருக்கு!”ன்னு திட்டினா.

“என்னைத்தான்னு தெரியலம்மா”ன்னேன். அவ சிரிச்சா, அழுதா, ரெண்டும் சேர்ந்து என்னவோ பண்ணா. அதுக்குள்ள பஸ் வளைவுல திரும்பிடுச்சு.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு வெளியே வந்தேன். கூட்டத்துல எங்கேயோ ஒரு குழந்தை, “அப்பா!”ன்னுச்சு. நான் சட்டுன்னு திரும்பிட்டேன்.