மோரில் கலந்த மாத்திரை

சங்ககிரியில் மெக்கானிக் தீர்த்தகிரிக்குப் பெரிய பேர். லாரி எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாகப் போனது.

மனைவி சின்னாயிக்கு மார்பில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேலத்தில் ஊசி மருந்து ஏற்றினார்கள். அந்தச் சமயத்தில்தான் கைப்பேசியில் வந்த வீடியோவில் யாரோ பேசியதைக் கேட்டார். சர்க்கரை வியாதி மாத்திரை புற்றுச் செல்லைப் பட்டினி போட்டே கொல்லுமாம். டீசலை அடைத்தால் எஞ்சின் நின்றுதானே ஆக வேண்டும்? அவரே எட்டு வருடமாக விழுங்குகிற மாத்திரை அது. டாக்டரிடம் கேட்டால் திட்டுவார், சின்னாயியிடம் சொன்னால் பயப்படுவாள். ஆகவே யாரிடமும் மூச்சு விடாமல், தினம் இரண்டு மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரண்டே வாரத்தில் சின்னாயி வாந்தியும் பேதியுமாகத் துவண்டாள். ஊசி மருந்தின் வேலை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, மறுநாளும் கலந்தார்.

அடுத்த ஊசிக்குச் சேலம் போனபோது, டாக்டர் யுவஸ்ரீ அவள் எடையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இந்த ஊசி உங்களுக்கு ஒத்துக்கலைம்மா. நிறுத்திடலாம். இந்த அளவு கேக்குற மருந்து வேற இல்லதான், என்ன செய்ய?”

“என்ற ஒடம்புக்குத்தான் தாங்கற தெம்பில்லீங்க மேடம்,” என்றாள் சின்னாயி, ஏதோ தப்புச் செய்தவள் போல.

தீர்த்தகிரி அவள் பக்கத்திலேயே நின்றிருந்தார். வாயை மூடிக்கொண்டால் தன் மானம் பிழைக்கும். அவள் பிழைப்பாளா?

“அவ ஒடம்பு மேல தப்பில்லீங்க. நான்தானுங்க,” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

“செல்லு சக்தி தயாரிக்கிற இடத்தை அந்த மாத்திரை மந்தமாக்கும், நிஜம்தான். ஆனா அதெல்லாம் ஆய்வுக்கூடத் தட்டுல, மனுசங்க சாப்பிடறதைவிடப் பல மடங்கு ஊத்திப் பார்த்தது. அப்பவும் சில செல்லு வேற வழியில பிழைச்சுக்கும். அந்த மாத்திரையால வாந்தியாகி, இவங்களுக்குச் சாப்பாடுதான் நின்னுச்சு. முதல்ல ரத்தம் பாக்கலாம். தெம்பு வந்ததும் அதே ஊசியைத் தொடரலாம், ஐயா.”

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகமில்லை.

“மோரு கசக்கலியா, புள்ள?”

“மொத நாளே கசந்துச்சுங்க. சீக்குல என்ற நாக்குத்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். இத்தன வருசத்துல நீங்க கலக்கிக் குடுத்தது அது ஒண்ணுதானுங்களே. கொமட்டுனாலும், நீங்க அந்தப் பக்கம் போற வரைக்கும் அடக்கிக்குவேனுங்க.”