சாம்பலில் வரைந்த வீடு

பண்டாரவளைச் சந்தையிலிருந்து மேலே ஏறும் தெருவில் பலீலாவுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. கலியாணத்துக்கு வாப்பா எழுதிக் கொடுத்தது. பத்து வருஷமாக அதில் இலுக்குப் புல்லும் கொய்யாவும்தான் வளர்ந்தன. அந்தப் பத்து வருஷமும் அவள் அடுத்தவன் கொட்டகையில் வாடகைப் போறணை அடுப்பு வைத்துப் பாண் ரொட்டி சுட்டாள். மழை பெய்தால் கூரை ஒழுகும். மாவுச் சாக்குகளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். ஆனாலும் அவள் பாணுக்கு நமுனுகுல தேயிலைத் தோட்டங்கள் வரைக்கும் பெயர் இருந்தது. புருஷன் மஹ்ரூப் விடிந்ததும் பழைய வேனில் பாணை ஏற்றிக்கொண்டு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் விற்றுவிட்டு வருவான். அவன் ஹாரன் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருமாம்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு கடைகளில் சீமெந்து தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. பலீலா இனிப் பொறுப்பதில்லை என்று முடிவெடுத்தாள். கீழே பேக்கரி, மேலே வீடு. ஊரில் வீட்டுக்குப் பிளேன் வரைகிற ஹுமைத் நானாவிடம் போய், "நானா, காணியில ஒரு அங்குலம்கூட வீணாகப் போகக் கூடாது" என்றாள். ஹுமைத் நானா யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே வரைந்து கொடுக்கிற மனுஷன். ரோட்டு ஓரத்திலிருந்து பின்பக்கத்து மண்மேடு வரைக்கும் ஒரே பெட்டியாக வரைந்து கொடுத்தார். அதை நகரசபையில் கொடுத்துவிட்டு, பதில் வருமுன்னே அத்திவாரம் வெட்டச் சொல்லிவிட்டாள்.

அத்திவாரம் வெட்டியது வீரய்யா. தோட்டத்துக் கட்டட வேலையில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து மேசன் வேலை செய்பவர். அவர் மனைவி இராக்கம்மா கல் சுமந்தாள். இரண்டாம் நாள் காலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் நகரசபையின் புதுத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கந்தப்பன். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். மீசை இப்போதுதான் அரும்பியது போல இருந்தது.

"அனுமதி கிடைச்சிருச்சுங்களா?"

வீரய்யா மண்வெட்டியைக் கீழே வைத்தார். மஹ்ரூப் ஏதோ அவசர வேலை இருப்பது போல வேனின் டயரைக் குனிந்து பார்த்தான். பலீலாதான் முன்னுக்கு வந்தாள்.

"பிளேன் குடுத்திருக்கோம் ஐயா. இது எங்கட சொந்தக் காணி."

"காணி உங்களுதுதாங்க. அனுமதி கையில வர்ற வரைக்கும் ஒரு மண்வெட்டி மண்ணும் எடுக்கக் கூடாதுங்க." வேலையை நிறுத்தும்படி ஒரு தாளில் எழுதி, அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை பிளேன் திரும்பி வந்தது. சிவப்புப் பென்சிலால் கீறாத இடமே இல்லை. பலீலா அதைப் பார்த்தாள். கோபத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது. "வாங்க போவோம்" என்றாள் புருஷனிடம். "எனக்கு மாவுக் கடையில ஒரு வேலை..." என்று இழுத்தான் அவன். அவள் தனியாகவே போனாள்.

அலுவலகத்தில் கந்தப்பன் மேசைக்கு முன்னால் பிளேனை விரித்துப் போட்டாள். "இதில ஏதாவது ஒரு மூலையைப் பென்சில் படாம விட்டிருக்கீங்களா ஐயா? அதையாவது காட்டுங்க. அதில போய்க் குந்திக்கிறேன்."

கந்தப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தாள்ல சொன்னா விளங்காதுங்க அக்கா. சாயங்காலம் காணிக்கு வர்றேன். அங்கயே பார்ப்போம்."

சொன்னபடியே நூல்பந்தும் முளைக்குச்சிகளுமாக வந்தார். ரோட்டு ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு குச்சியை அடித்தார்.

"இதான் வீதிக்கோடு. ஒரு நாளைக்கு இந்த ரோட்ட அகலமாக்குவாங்க. அப்ப இதுக்கு முன்னால கட்டியிருக்கிறதெல்லாம் இடிபடும்."

பிறகு பின்பக்கம் போய் மண்மேட்டுக்கு இப்பால் ஒரு குச்சி. "இது முழுக்கச் செம்மண்ணு. சுவத்தை இதோட ஒட்டிக் கட்டினா காத்தும் வராது, வெளிச்சமும் வராது. தண்ணி மட்டும் நல்லா வரும். இந்த இடம் திறந்த வெளியா இருக்கணும். தண்ணி ஓட ஒரு கானும் வெட்டணும்."

பலீலா இரண்டு குச்சிகளுக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "அப்ப எனக்கு மிஞ்சிறது ஒரு எலிப்பொறி."

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. கடையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கலாம். ஆனா மாடிக்குப் போற படி பேக்கரிக்குள்ளால போகக் கூடாது. பிளேன்ல போறணைக்குப் பக்கத்துலயே படிய வச்சிருக்கீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "கீழ தீப்பிடிச்சா மேல இருக்கிற பிள்ளைங்க எதால இறங்கும்?"

பலீலாவுக்கு இரண்டு பிள்ளைகள். ரெண்டும் தூங்கினால் இடி விழுந்தாலும் எழும்பாத பிள்ளைகள். அதுவரை ஐயா ஐயா என்று வெட்டி வெட்டிப் பேசியவள், "சரி தம்பி, யோசிக்கிறேன்" என்றாள்.

யோசிப்பது அவளுக்குத் தாளில் வராது. எந்தக் கோடு சுவர், எந்தக் கோடு கதவு என்றே பிடிபடவில்லை. இரண்டு நாள் மாவு பிசைந்துகொண்டே முணுமுணுத்தாள். மூன்றாம் நாள் காலையில் பாண் எல்லாம் போன பிறகு, போறணைச் சாம்பலை வாரி வாளியில் நிரப்பிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே காணிக்கு நடந்தாள்.

கந்தப்பன் அடித்த குச்சிகளுக்கு உள்ளே, வெட்டிய குழிகளை வீரய்யாவைக் கொண்டு மண் போட்டு மூடச் செய்தாள். பிறகு சாம்பலைக் கைப்பிடி கைப்பிடியாக விட்டு வெள்ளைக் கோடு இழுத்தாள். இது முன்சுவர். இது கதவு. இது மேசை. இது படி, ஹுமைத் நானா வைத்த இடத்திலேயே. வீடு அதன் முழு அளவிலேயே தரையில் விரிந்தது.

"இராக்கம்மா, நீ இந்த மூலையில நில்லு. கைய ரெண்டு பக்கமும் நீட்டு. நீதான் போறணை."

"நான் போறணைன்னா எனக்கு வாய் எந்தப் பக்கம்?"

"அதைத்தானே பார்க்கிறோம்! கொஞ்சம் திரும்பு."

நமுனுகுலவிலிருந்து திரும்பி வந்த மஹ்ரூப், வெறும் காணிக்குள் தன் மனைவி இல்லாத கதவைத் திறந்து இல்லாத தட்டை எடுப்பதைக் கண்டு வேனை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டான். "பலீலா, உடம்புக்குச் சுகமில்லையா?"

"சும்மா நிக்காம உண்மையான தட்டு ஒண்டை எடுத்துக்கிட்டு உள்ள வாங்க!"

அவன் தட்டோடு ஒரே எட்டில் கோட்டைத் தாண்டினான். "சுவருக்குள்ளால வாறீங்களே!" என்று கத்தினாள். அவன் பின்னால் போய்க் கதவு வழியாக வந்தான். மேசையிலிருந்து போறணைக்குத் திரும்பினான். ஹுமைத் நானா வரைந்த படிக்கட்டின் சாம்பல் கோட்டை மிதித்தான். மறுபடி திரும்பினான், மறுபடியும் படிக்கட்டு. இராக்கம்மா கையை நீட்டியபடியே சிரித்துச் சிரித்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள்.

பலீலா குனிந்து பார்த்தாள். அந்தப் படிக்கட்டு பேக்கரியின் நட்டநடுவைத் தின்றுகொண்டிருந்தது. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காலால் தேய்த்து அதை அழித்தாள். பக்கத்துச் சுவருக்கு வெளியே புதுப்படி போட்டாள். மஹ்ரூப் மீண்டும் தட்டோடு நடந்தான். இப்போது எங்கும் முட்டவில்லை. இரண்டு பேர் எதிரெதிரே தட்டோடு போகலாம்.

"இது அந்தப் பெரிய பெட்டிய விட விசாலமாயிருக்கே!" என்றான் அவன்.

அவளுக்கும் அதே ஆச்சரியம்தான். பின்பக்கத்து வெளியை வீணாய்ப் போன இடம் என்று நினைத்திருந்தாள். அங்கே நின்று பார்த்தபோதுதான், ஹுமைத் நானாவின் பிளேனில் மாவுச் சாக்குகள் அந்தச் செம்மண் மேட்டோடு முதுகு ஒட்டிக் கிடந்திருக்கும் என்பது உறைத்தது. பத்து வருஷம் ஈரச் சாக்கோடு மல்லுக்கட்டியது போதாதா? முன்பக்கம் விட்ட இடமும் அப்படித்தான். விடியற்காலையில் பாணுக்கு நிற்கிற சனம் இனி பஸ்ஸுக்குப் பயந்து ரோட்டில் நிற்க வேண்டாம்.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஸகீனா வேலிக்கு மேலால் எட்டி, "உங்கட புகை என்ட உடுப்புக் கொடிக்குத்தானே வரும்?" என்றாள். "புகைபோக்கி உங்கட கூரைக்கு மேலால போகும்" என்று பலீலா வானத்தைக் காட்டினாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் சத்தம். கந்தப்பன் வேறெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டதும் இறங்கினார். சாம்பல் கோடுகளைப் பார்த்தார். கை நீட்டி நின்ற இராக்கம்மாவைப் பார்த்தார். அவர் சுற்றி வந்து கதவுக்கு விட்ட இடைவெளிக்கு முன் நின்றார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "உள்ள வரலாமுங்களா?" என்றார்.

தெரு முழுக்கச் சிரித்தது. பலீலா வெட்கத்தோடு, "வாங்க தம்பி, வாங்க" என்றாள்.

அவர் ஒவ்வொரு அறையாக நடந்தார். அளவு நாடாவின் ஒரு முனையை மஹ்ரூப்பிடம் கொடுத்து நீட்டினார். வெளிப்படியில் இல்லாத கைப்பிடியைப் பிடித்து ஏறுவது போலக்கூட நடித்தார். கடைசியாக மாவு வைக்கும் அறைக்குள் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"அக்கா, இங்க ரொம்ப இருட்டா இருக்கு."

பட்டப்பகல் வெயில் அவர் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. பலீலாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அறைக்கு ஜன்னல் வைக்கவே மறந்திருந்தாள். மஹ்ரூப் ஓடிப்போய்க் காலால் சுவரைத் தேய்த்து ஜன்னல் திறந்தான். "இப்ப காத்து வருது" என்றார் கந்தப்பன்.

ஹுமைத் நானாவைக் கூட்டி வந்து தரையில் இருந்ததை அப்படியே வரையச் செய்தார்கள். அந்த மாதம் சபை கூடியதுமே அனுமதி வந்தது. வீரய்யா மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறியது. ஓடு போட்டு நாலு நாளில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. காலையில் பலீலா ஓடிப்போய்ப் பார்த்தபோது மண்மேட்டில் ஒரு பகுதி சரிந்து பின்வெளியில் சேறாகக் கிடந்தது. தண்ணீர் கான் வழியே சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரைக் கையால் தடவினாள், காய்ந்திருந்தது. அங்கேயே நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

"சுவத்த இங்கதான் எழுப்பியிருப்போம் தங்கச்சி" என்று வீரய்யா சேற்றைக் காட்டித் தலையை ஆட்டினார். மேட்டுக்கு ஒரு கருங்கல் அணை கட்டும் வேலையை அன்றே தொடங்கினார்கள்.

கட்டி முடித்த பிறகு கந்தப்பன் கடைசி முறை வந்து பார்த்தார். சுகாதாரப் பரிசோதகரும் வந்து தண்ணீர்க் குழாயையும் கழிவறையையும் பார்த்தார். குடிபுகலாம், கடை திறக்கலாம் என்ற சான்றிதழை மஹ்ரூப் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, கண்டவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினான். பிளேன் கேட்டு அலுவலகம் போக மாட்டேன் என்று மாவுக் கடைக்கு ஓடின ஆள் அவன்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பேக்கரி திறந்தது. நமுனுகுல பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வேனில் வாங்கிச் சாப்பிட்ட பாண் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வந்தோம் என்றார்கள். ஸகீனா நெற்றிவேர்வையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். கந்தப்பன் வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது இரண்டு பாண் வாங்கி, ஒன்றை அங்கேயே நின்று பிய்த்துத் தின்றார். பிள்ளைகள் இரண்டும் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக அன்று முழுக்கத் தரையில் கால் வைக்கவில்லை.

ஜும்ஆத் தொழுகைக்குப் போன மஹ்ரூப் திரும்பி வந்தபோது தட்டுகள் எல்லாம் காலி. "நமக்குச் சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

பலீலா தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு துண்டுகூட இல்லை. பத்து வருஷத்தில் தன் வீட்டுக்கு ஒரு பாண் ஒதுக்கி வைக்க மறந்தது அன்றைக்குத்தான்.

"ஊருக்கே போட்டுட்டு நாம பட்டினி!" என்று சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு அடங்காமலே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாவுச் சாக்கை அவிழ்த்தாள். "விறகை எடுத்து வாங்க. இன்னொருக்கா போறணைய மூட்டுவோம்."