தாய்மாமன் வரும் ஞாயிறு

ஒரு மலை உண்டாக எத்தனை யுகம் ஆகுமோ, தயாளனுக்குக் கொடுக்கப்பட்டது ஒன்றரை வருஷம். மலை மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த மலையிலிருந்து விழ ஓர் அருவி, அருவி போய்ச் சேர ஓர் ஆறு, ஆற்றுக்கு மேலே ஜனங்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டு ஓட ஒரு ரோலர் கோஸ்டர், இத்தனையும் கொண்ட ஒரு கேளிக்கைப் பூங்காவை மலேசியாவில், சிம்பாங் அம்பாட்டுக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்தை அழித்த சதுப்பு நிலத்தில் எழுப்பியாக வேண்டும். நிலமா அது? காலை வைத்தால் முழங்கால் வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆள் வந்தால் சாமான் வராது. சாமான் வந்தால் பெர்மிட் வராது. இரண்டும் வந்த அன்றைக்குப் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். இந்த லட்சணத்தில், திறப்பு விழாத் தேதியை நெடுஞ்சாலையோரம் ஆளுயர எழுத்தில் பலகை வைத்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

பலகையில் முதலில் ஏப்ரல் இருந்தது. அதன்மேல் ஜூன் ஒட்டினார்கள். பிறகு ஜூனைக் கிழித்துவிட்டு மெர்டேக்கா என்று எழுதினார்கள். ஆகஸ்ட் முப்பத்தொன்று, தேசிய தினம், அதற்குமேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

தயாளன் அங்கே சைட் மேனேஜர். ஐம்பதைத் தொட்ட ஆள். செபராங் ஜெயாவில் அவனுக்கு வீடு என்று ஒன்று இருந்தது. குளிக்கவும் சட்டை மாற்றவும் போய்வருவான். கெட்டவன் என்று யாரும் வாய்கூசாமல் சொல்லிவிட முடியாது. ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் உயிரைக் கொடுப்பான். யாருடைய உயிரை என்றுதான் அவன் யோசித்ததில்லை.

அந்தப் பலகையில் தேதி மாறிய போதெல்லாம், பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில் இன்னொரு தேதியும் மாறிக்கொண்டிருந்தது. அவனுடைய தங்கை துளசி ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடொன்றில் இருந்தாள். அவள் மகள் காமினிக்குக் கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை ஹரீஷுக்குப் பிறை என்கிற ஊரில் தொழிற்சாலை வேலை, நல்ல பையன். கோயிலில் வைத்துச் சுருக்கமாக முடிப்பதென்று இரண்டு வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள். எல்லாம் தயார், தாய்மாமன் ஒருவனைத் தவிர. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் பெண் எப்படி மணவறைக்கு வருவாள்? துளசிக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருவன்தான்.

"ஓப்பனிங் முடியட்டும்மா, மறுநாளே வச்சுக்கலாம்," என்பான். "சரிண்ணே," என்பாள் அவள். இப்படியே சித்திரை போனது, வைகாசி போனது, ஆனி போனது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? அதுவும் போனது. அவளுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். போனில் கேட்டால் பரவாயில்லை என்றுதான் அவள் சொல்வாள். அவனும் பரவாயில்லை என்றே எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வது அவனுக்கு வசதியாக இருந்தது.

ஆடி முடியும் தறுவாயில் ஒரு மத்தியானம், துளசியின் புருஷன் தங்கராஜு சைட்டுக்கே வந்து நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் நேராக வந்திருந்தார். வாசலில் கட்டாயப்படுத்தி மாட்டிவிட்ட ஹெல்மெட் அவர் தலையில் கோணலாக உட்கார்ந்திருந்தது.

"வாங்க மாப்ள. என்ன இந்தப் பக்கம்? தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம் மச்சான். துளசிக்கு முடியலலா."

"போன வாரங்கூடப் பேசினேனே. மருந்து மாத்திருக்காங்கன்னு சொன்னாளே."

"மாத்தல மச்சான். நிறுத்திட்டாங்க. கேன்சர் ஈரல் வரைக்கும் போயிருச்சாம். தீபாவளி பாக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு." தங்கராஜு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அண்ணனுக்கு வேல நேரத்துல டென்ஷன் குடுக்காதீங்கன்னு. காமினி கழுத்துல தாலி ஏறுறத அவ பாத்துரணும் மச்சான். வேற ஒன்னுமே கேக்க மாட்டேங்கறா."

தயாளன் தலையைத் திருப்பிக்கொண்டான். பின்னால், பாதி பூசிய மலைமேல் நாலு பேர் தொங்கிக்கொண்டு பாறைக்குப் பாசி நிறம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆவணி பொறந்ததும் மொத முகூர்த்தம்," என்றான் ஒருவழியாக. "ஞாயித்துக்கெழம வருது. இடியே விழுந்தாலும் வந்து நிப்பேன்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

மனசாரச் சொன்னான். அதில் சந்தேகமே இல்லை.

இடி விழவில்லை, ரோலர் கோஸ்டர்தான் நின்றது. ஆளை ஏற்றுமுன் இருக்கைகளில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஓட்டியபோது இரண்டு மேடுகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் ரயில் முன்னும் பின்னும் ஊஞ்சலாடி அப்படியே நின்றுவிட்டது. பொம்மைகளை இறக்கி, சக்கரங்களை மாற்றி, மறுபடி ஓட்டுவதற்குள் எல்லாருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. இனி வெளிநாட்டுப் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் திறக்க முடியும். அவரோ நாடு நாடாகப் பறக்கிற மனிதர். மெர்டேக்காவுக்கு முன்னால் பினாங்குக்கு அவர் ஒதுக்கிய நாள் ஒன்றே ஒன்று. அது அந்த ஞாயிற்றுக்கிழமை.

புரொஜெக்ட் டைரக்டர் பெரியகருப்பன் அவனைவிட வயதில் சின்னவர், மரியாதையான மனிதர். "சண்டே நீங்க இருப்பீங்கல்ல அண்ணே?" என்று கேட்டார். என் தங்கை சாகக் கிடக்கிறாள், அவள் மகளுக்கு அன்றைக்குத்தான் கல்யாணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே விட்டிருப்பார். ரோலர் கோஸ்டரின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்த எஞ்சினியர் இர்வான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஆனாலும் தயாளன் தலையை ஆட்டினான். தான் இல்லாவிட்டால் அந்த இடமே இடிந்து விழுந்துவிடும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கட்டடம் கட்டுகிற ஆள்களுக்கு வருகிற வியாதிதான் அது.

அன்று மாலையே பாலத்தைக் கடந்து தங்கை வீட்டுக்குப் போனான். போகும்போது பரிசோதனையை இர்வானிடம் விட்டுவிடலாம் என்று பாதி மனசு சொல்லிக்கொண்டுதான் வந்தது. துளசி முன்னறையில் கட்டிலில் கிடந்தாள். இத்தனை இளைத்திருப்பாள் என்று அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கண் மட்டும்தான் பழைய துளசி.

"வாண்ணே. ஒன் பொம்மைங்கல்லாம் சௌக்கியமா? மாட்டிக்கிட்டு நின்னுச்சாமே, எறக்கிவிட்டியா?"

"எறக்கிட்டேன்மா," என்று சொல்லிக் கட்டிலோரம் உட்கார்ந்தான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சின்ன வயசிலிருந்து பார்த்த முகம். அவளிடம் எதை மறைக்க முடியும்? "ஞாயித்துக்கெழம முடியாதாண்ணே?" என்று அவளே கேட்டாள்.

அவன் பரிசோதகர் வரும் கதையைச் சொன்னான். சமையலறை வாசலில் நின்றிருந்த காமினி, "சிம்பாங் அம்பாட் ஒன்னுவிட்ட மாமாவ வந்து நிக்கச் சொல்லலாம்மா. நாள மாத்த வேணாம்," என்றாள்.

"சும்மா இருடி. கூடப்பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப எரவல் மாமனா?" துளசிக்கு மூச்சு வாங்கியது. "எங்கண்ணன் கையப் புடிச்சுத்தான் நீ வரணும். எப்பண்ணே முடியும் ஒனக்கு?"

அந்த ஒரு நிமிஷம் அவன் கையில் இருந்தது. வேலை கிடக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாவி, சொல்லவில்லை.

"மெர்டேக்கா முடிஞ்சு வர்ற ஞாயிறு. கண்டிப்பா."

"சரிண்ணே," என்றாள். எப்போதும் போலவேதான் சொன்னாள். காமினி உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு வந்தது. பரிசோதகர் ஏறினார், இறங்கினார், அடியில் புகுந்து பார்த்தார். கேள்வி கேட்டதெல்லாம் இர்வானிடம். அவனும் மளமளவென்று பதில் சொன்னான். தயாளனைப் பார்த்து அந்த மனிதர் கேட்டது ஒன்றுதான், கழிப்பறை எந்தப் பக்கம் என்று. சாயங்காலம் கையெழுத்து விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், இவனும் தட்டினான். நாளை மாற்றாமல் இருந்திருந்தால் இந்நேரம் அங்கே கல்யாணச் சாப்பாடு முடிந்து தாம்பூலம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தபோது கை பாதியில் நின்றது.

மறுநாள் பெரியகருப்பன் எல்லாரையும் கூப்பிட்டார். திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதருக்கு மெர்டேக்காவன்று வேறு இடத்தில் வேலையாம். திறப்பு விழா செப்டம்பர் பதினாறு, மலேசியா தினத்துக்குத் தள்ளிப் போகிறது. இவ்வளவுதான், இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். ஒரு நாள்கூடத் தள்ள முடியாது என்ற தேதி, காற்றில் பறக்கிற காகிதம் மாதிரி போய்விட்டது. யாரைக் கோபித்துக்கொள்வது? தயாளன் வெளியே வந்து மலைக்குப் பின்னால் போய் நின்று, யாரையோ வாயில் வந்தபடி திட்டினான். பெரிய மனிதரைத் திட்டினானா, தன்னையே திட்டிக்கொண்டானா, அவனுக்கே தெரியாது.

பிறகு சட்டென்று ஒன்று தோன்றியது. மெர்டேக்கா விழுவதே வருகிற ஞாயிறு, அந்த நாள் இப்போது காலிதானே! உடனே போன் போட்டான். "மாப்ள, ரெண்டு வாரமெல்லாம் வேணாம். வர்ற ஞாயிறே வச்சுரலாம். குருக்கள்ட்ட கேளுங்க." குருக்கள் நாள் நன்றாக இருக்கிறது என்றார். கோயிலிலும் இடம் கிடைத்தது. தயாளன் லீவு எழுதிக் கொடுத்தான். அந்த சைட்டில் அவன் எடுத்த முதல் லீவு. துளசியிடம் போனைக் கொடுத்தார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "மால நல்லா பெருசா வாங்குண்ணே. கஞ்சத்தனம் பண்ணாத," என்றாள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காமினிக்கு மருதாணி வைத்தார்கள். துளசியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து வைத்தார்கள், அவள் பார்க்க வேண்டுமென்று. பார்த்தாள். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

இருந்திருந்தால் ஒரே ஒரு நாள்.

சுமங்கலியாகப் போகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வரவேண்டும். அதைப் போர்த்தாமல் எடுக்கமாட்டார்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை. பிறந்த வீடு என்றால் அது தயாளன்தான். லிட்டில் இந்தியாவில் மெர்டேக்கா விடுமுறைக் கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனது. துணிக்கடையில் ஒரு பெண் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"வாங்க அண்ணே. பட்டுச் சேலையா? கல்யாணமா?"

"தங்கச்சிக்கு," என்றான்.

"அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்ணே?"

தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. கடைசியாக அவளுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தது எப்போது என்றும் ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண் பச்சையை விரித்தாள், மாம்பழ மஞ்சளை விரித்தாள், அரக்கை விரித்தாள். "அக்கா கலரா இருப்பாங்களா அண்ணே? போட்டோ இருந்தா காட்டுங்க," என்றாள். தயாளன் கடை நடுவில் நின்றபடி குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்துச் சிரிப்பு மறைய, அரக்குச் சேலையை மடித்துக் கொடுத்தாள். சீக்கிரம் போங்கண்ணே என்று மட்டும் சொன்னாள்.

அடுக்குமாடிக்குக் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். துளசியை மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக் கிடத்தியிருந்தார்கள். கூட்டம் அவனுக்கு வழி விட்டது. சேலையை விரித்துத் தங்கையின் மேல் போர்த்தினான். அவள் கழுத்தோரம் சுருக்கம் விழுந்ததை நீவிவிட்டான். அதற்குமேல் கை எடுக்க மனசு வரவில்லை.

வாய்க்கரிசி போட மகளைக் கூப்பிட்டார்கள். காமினியின் கை மணிக்கட்டு வரை மருதாணி நன்றாகப் பிடித்து, ரத்தச் சிவப்பாகச் சிவந்திருந்தது. அந்தக் கையால் அரிசியை அள்ளி அம்மாவின் வாயில் போட்டாள். கூடாரத்தில் இருந்த பெண்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஹரீஷ் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் முடிந்து, சாம்பலாகவும் ஆகி, ஆண்கள் திரும்பி வந்தபோது காமினி படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தயாளன் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். ஏதாவது செய்தாக வேண்டும், இன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்று அவனுக்குப் பதைத்தது.

"காரியம் முடிஞ்சதும் வச்சுரலாம்மா. நீ எந்த நாள் சொன்னாலும் சரி. மாமா இனிமே அந்த வேலைக்கே போகல. ஒனக்கு மால போட நான் வந்து நிப்பேன்."

காமினி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் தோளில் ஒட்டியிருந்த சாம்பலை மெல்லத் தட்டிவிட்டாள்.

"பரவால்ல மாமா. நீங்க ஓப்பனிங் முடிச்சிட்டே வாங்க," என்றாள். "இனிமே அவசரம் ஒன்னும் இல்ல."