ஆறு ஜின் மடிக்கணினி

மடிக்கணினி என்று பெயர்தானே தவிர, அதை மடியில் வைத்துக்கொண்டவர் சுலபத்தில் எழுந்ததில்லை. தைபேயில் மெய்ச்சி இரண்டு வருடம் மல்லுக்கட்டி உருவாக்கிய ரகம் அது. பெரிய திரை, முழு விசைப்பலகை. அலுவலகத்து மேசைக் கணினியைக் கடாசிவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம். "யாரு தூக்கப் போறா? மேசைக்குப் பதிலாவே இருக்கும் சார்" என்று சொல்லிச் சொல்லியே முதலாளி காவை மசிய வைத்தாள்.

"சரி, புத்தாண்டுக்குள்ள ஷாங்காய்ல வித்துக் காட்டு. இல்லேன்னா ஒன் எடத்த மெல்லிசு மெஷின் பண்றாங்களே, அவங்களுக்குக் குடுத்துடுவேன்" என்றார் காவ்.

ஷாங்காய் விற்பனையைப் பார்க்கிற பான் தொலைபேசியில் கேட்டான். "எடை எவ்ளோக்கா?"

"ஆறு ஜின்."

"அட, பரவால்லியே. நான் பயந்துட்டு இருந்தேன்."

மெய்ச்சிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஏன் பரவாயில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. தைவானில் ஒரு ஜின் என்றால் அறுநூறு கிராம். ஜலசந்தியைத் தாண்டிச் சீனாவுக்குப் போனால் ஐநூறு. இரண்டு கரையிலும் போய்க் காய்கறி வாங்கிய எவருக்கும் இது தெரியும். இவர்கள் இருவரும் கணினி ஆட்கள். விவரத்தாளில் கிலோக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்?

'ஆறே ஜின்' என்று பான் ஊரெல்லாம் விளம்பரம் வைத்தான். ஒரு வங்கி மொத்தமாக வாங்கியது. அங்கே கிடங்கில் ஒரு மகராசன் தராசில் ஏற்றிப் பார்த்தான். ஏழு ஜின்னைத் தாண்டி நின்றது முள்.

"ஏமாத்திட்டோம்னு அத்தனையும் திருப்பி அனுப்புறாங்கக்கா."

"கூடத்தானேடா குடுத்திருக்கோம்."

"நாம என்ன பன்னிக்கறியா விக்கிறோம், கூடக் குடுத்தா கும்புடுறதுக்கு?"

எடையைக் குறைத்து மாட்டிக்கொண்ட வியாபாரி ஊருக்கு ஊர் உண்டு. கூட்டிக் கொடுத்து மாட்டியவள் இவள் ஒருத்திதான். அவமானத்தில் அழுகை வந்தது. நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

காவ் கத்தவில்லை. ரகத்தை இழுத்து மூடினார். "ஒன் மேசைய மெல்லிசுக்காரங்க கேக்குறாங்க மெய்ச்சி. கொஞ்ச நாள் வீட்லேர்ந்தே வேல பாரு. திரும்பி வந்த மெஷின்ல ஒண்ண எடுத்துட்டுப் போ. மேசைக்குப் பதிலா இருக்கும்னு நீதானே சொன்ன."

தோள்பட்டை இற்றுப்போக அதைச் சுமந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். காவலாளி ஓடிவந்து பையை வாங்கி, ஸ்கூட்டரில் கால்வைக்கும் இடத்தில் இறக்கினார். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"யப்பா, என்னா கனம். எத்தன ஜின் இருக்கும் மேடம்?"

மெய்ச்சி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எந்த ஊரு ஜின்ல சொல்லட்டும்?"