முட்டிவலிக்காரர்

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையின் படிகளை ஏணி இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஏணி என்பது பட்டப்பெயர். என் வீட்டுக்காரரோடு பெயிண்ட் அடிக்கிற நெட்டை மனிதர். முட்டிவலி என்று சொல்லி மாதக்கணக்காக என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார். டாக்டர் சீட்டு கேட்டால் எங்கள் கடையில் ஈ கூட நிற்காது. எடுத்துக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வேன், அவ்வளவுதான். முட்டி வலிக்கிறவர் இப்படியா படியேறுவார்?

"முட்டி எப்படிண்ணே இருக்கு?"

"அப்படியேதாம்மா இருக்கு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கொடுத்தனுப்பிய பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வீட்டில் என் வீட்டுக்காரர் கொஞ்ச நாளாக இடது கையால் தலை வாருகிறார். நெஞ்செரிச்சல் என்று சோற்றைத் தள்ளிவிட்டுப் பாலைக் குடித்துப் படுக்கிறார். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் எங்கே வலி என்று கேட்கிறேன், பக்கத்தில் படுத்திருப்பவரைக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் பால் தம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டேன். "ஏணி அண்ணன் ஒரு டாக்டரப் பாத்தா என்னவாம்?"

"பாத்தா வேலைய விடுன்னுவாரு. மாத்திரை அப்படியெல்லாம் சொல்லாதுல்ல," என்று சிரித்தார். "அடுத்த வாரம் மண்டபத்துக் கூரை பூரா அடிக்கணும். அண்ணாந்து, கையத் தூக்கியே நிக்கணும்."

"வயிறு புண்ணாயிடும்னு சொல்லுங்க அவர்கிட்ட."

"சொல்றேன்," என்று பாலைக் குடித்தார். எனக்கு அழுகையாக வந்தது.

மறுநாள் ஏணி வந்ததும் மாத்திரை இருந்த டிராயரைச் சாத்தினேன்.

"வலிக்கிறவரையே வரச் சொல்லுங்கண்ணே."

இந்தத் தடவை படிகளை ஒவ்வொன்றாகத்தான் இறங்கினார்.

மத்தியானக் கூட்டத்தில் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு என் வீட்டுக்காரர் நின்றார். முன்பின் தெரியாதவர் மாதிரி தன் முறைக்குக் காத்திருந்தார். நானும் எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எங்க வலி?"

"தோள்ல."

"கையத் தூக்குங்க, பாப்போம்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டு வலது கையைத் தூக்கினார். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்த அந்தக் கை நெஞ்சு வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.